விஸ்டா: இரண்டு முறை தேர்வான மருத்துவப் பதிவேடு

மருத்துவமனைகள் மின்னணுப் பதிவேட்டு முறைகளை எப்படி ஒப்பிட்டன, எதை வைத்துத் தேர்ந்தெடுத்தன என்பதை அறிய அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் வரலாறு போல உதவும் சான்று வேறில்லை. அந்நாட்டின் மிகப் பெரிய ஒருங்கிணைந்த மருத்துவ அமைப்பு அது. சுமார் 170 மருத்துவமனைகளை நடத்துகிறது. அரை நூற்றாண்டுக்குள் அது இரண்டு முறை தேர்வு செய்தது. 1982-இல், தலைமையகத்தின் தடையை மீறித் தன் ஊழியர்களே எழுதிய மென்பொருளை ஏற்றுக்கொண்டது. 2017-இல், அதே மென்பொருளைக் கைவிட்டுச் சந்தையிலிருந்து வேறொன்றை வாங்க முடிவெடுத்தது. இரண்டு முடிவுகளும் எப்படி எடுக்கப்பட்டன, யார் பேச்சு எடுபட்டது, பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் நாடாளுமன்ற விசாரணைகளிலும் தணிக்கை அறிக்கைகளிலும் கிடக்கின்றன. தனியார் மருத்துவமனைகள் இப்படிப்பட்ட கணக்கை வெளியே காட்டுவது அரிது.

கணினி வருவதற்கு முன்பே பதிவேட்டில் சிக்கல் இருந்தது. கேஸ் ஷீட்டில் மருத்துவரின் குறிப்பு ஓரிடம், செவிலியரின் குறிப்பு ஓரிடம், ஆய்வக முடிவு இன்னோரிடம் என்று எழுதியவர் வாரியாகத் தாள்கள் சேர்ந்துகொண்டே போகும். நோயாளிக்கு என்னென்ன பிரச்சினைகள், ஒவ்வொன்றுக்கும் இதுவரை என்ன செய்யப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்கக் கட்டு முழுவதையும் புரட்ட வேண்டும். லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இதற்கு ஒரு மாற்றை முன்வைத்தார். நோயாளியின் பிரச்சினைகளுக்கு முதலில் எண்ணிட்டுப் பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு குறிப்பும் அந்த எண்ணின் கீழ் வர வேண்டும். குறிப்புக்குள் நோயாளி சொன்னது, சோதனையில் கண்டது, மருத்துவரின் மதிப்பீடு, அடுத்த திட்டம் என நான்கு பகுதிகள் இருக்க வேண்டும். மருத்துவ மாணவர்கள் இன்றும் இந்த நான்கு பகுதி முறையில்தான் குறிப்பு எழுதப் பழகுகிறார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் வீட் இதே முறையைக் கணினியிலும் ஏற்றினார். தொடுதிரையில் இயங்கிய அந்த அமைப்பு, காலத்தை விஞ்சிய வேலை. ஆனால் மருத்துவர் சிந்திக்கும் வரிசையையே அது கட்டாயப்படுத்தியதால் அதை விரும்பி ஏற்றவர்கள் குறைவு. பின்னாளில் வந்த பல விலையுயர்ந்த தோல்விகளின் காரணம் 1970களிலேயே அங்கே வெளிப்பட்டுவிட்டது.

அதே காலத்தில் வேறு சில இடங்களிலும் முயற்சிகள் நடந்தன. சால்ட் லேக் சிட்டியின் எல்.டி.எஸ். மருத்துவமனையில் ஹோமர் வார்னர் 1967 முதல், நோயாளியின் தரவைப் பார்த்து மருத்துவரை எச்சரிக்கும் அமைப்பை வளர்த்தார். இண்டியானாபொலிஸில் கிளெமென்ட் மெக்டொனால்ட் 1972-இல் ரீகன்ஸ்ட்ரீஃப் பதிவேட்டைத் தொடங்கினார். எல்லாவற்றிலும் நீண்ட வாரிசு வரிசையை உருவாக்கியது பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. அங்கே ஆக்டோ பார்னெட்டின் ஆய்வகத்தில் நீல் பப்பலார்டோவும் உடன் பணியாற்றியவர்களும் 1966, 67 ஆண்டுகளில் 'மம்ப்ஸ்' என்ற நிரல்மொழியை எழுதினர். மருத்துவத் தரவு சீரானதல்ல. ஒரு நோயாளிக்கு இரண்டே இரண்டு ஆய்வக முடிவுகள் இருக்கும்; இன்னொருவருக்கு இரண்டாயிரம் இருக்கும். சாத்தியமான ஆயிரக்கணக்கான கட்டங்களில் பெரும்பாலானவை எந்த நோயாளிக்கும் காலியாகவே கிடக்கும். மம்ப்ஸ் இந்தத் தரவைக் கிளைகிளையாகச் சேமித்தது. இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, இல்லாததற்கு இடம் ஒதுக்காமல் விட்டது. சிறிய, மலிவான கணினி ஒன்றில் ஒரே நேரத்தில் பலர் வேலை செய்யவும் அது வழிவிட்டது. லட்சக்கணக்கில் டாலர் கொட்டிப் பெரிய கணினி வாங்க முடியாத மருத்துவமனைப் பிரிவுகளுக்கு இந்தக் கடைசி வசதியே பெரிது.

1970களில் படைவீரர் துறையில் கணினி என்றால் அது தலைமையகத்தின் சொத்து. தரவு மேலாண்மைக்கென இருந்த மைய அலுவலகம் பெரிய கணினிகளையும், அவற்றுக்கு நிரல் எழுதும் அதிகாரத்தையும் தன் கையில் வைத்திருந்தது. மருத்துவமனை ஒன்றில் மருந்தகத்துக்கோ ஆய்வகத்துக்கோ ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருத்துவப் பிரிவின் தரப்பில் 1977 வாக்கில் ஒரு சிறு அலுவலகம் தொடங்கப்பட்டது. ஜோசப் ஓ'நீலும் மார்ட்டின் ஜான்சனும் அதை நடத்தினர். நாடெங்கும் மருத்துவமனைகளில் கணினி அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, சிறிய கணினிகளைக் கொடுத்து, மம்ப்ஸ் மொழியில் அங்கேயே வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். 1978 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் கூடிய இந்த நிரலாளர்கள் அடிப்படை வடிவமைப்பில் உடன்பட்டனர். நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கரு. அதைச் சுற்றி மருந்தகம், ஆய்வகம், நோயாளி சேர்க்கை எனத் தனித்தனிப் பகுதிகள். எல்லாம் ஒரே தரவை எடுத்தாளும். டாம் மன்னெக்கி வரைந்த வடிவம் இது. சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் ஜார்ஜ் டிம்சன் எழுதிய 'ஃபைல்மேன்' அந்தக் கருவின் உயிர்நாடி ஆனது.

ஃபைல்மேனைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு விவரத்தைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டுமானால், நிரலைத் திருத்தி எழுத வேண்டிய தேவையை அது நீக்கியது. விவரத்தின் பெயர் என்ன, எண்ணா எழுத்தா, எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும், வேறு எந்தக் கோப்போடு தொடர்பு என்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், பதிவேடு விரிந்துவிடும். மருந்தாளுநர் ஒருவர் திங்கட்கிழமை கேட்டதை அந்த வாரத்துக்குள் திரையில் காட்ட முடிந்தது. நிரலாளரின் மேசை மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. பிழை நேர்ந்தால் மருந்தாளுநர் நேரே வந்து சொல்வார். திருத்திய பிறகு சரியா என்று அவரே பார்த்துவிடுவார். ஒவ்வொரு பகுதிக்கும் அதைப் பயன்படுத்துவோரின் குழு ஒன்று நாடு தழுவி அமைக்கப்பட்டது. அடுத்து எதைச் செய்வது என்ற முன்னுரிமையை அந்தக் குழு வகுத்தது. மென்பொருளின் தரத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட புகழுரைகள் எல்லாவற்றையும்விட இந்த ஏற்பாடே அதன் வெற்றியை நன்றாக விளக்குகிறது.

மைய அலுவலகம் இதைச் சும்மா விடவில்லை. 1979-இல் திட்டத்தை நிறுத்தும் முயற்சிகள் தொடங்கின. சிலர் வேலையை இழந்தனர், சிலர் வேறு பணிக்கு மாற்றப்பட்டனர். நிரலாளர்களோ அனுமதி இல்லாமலே வேலையைத் தொடர்ந்து, ஒரு மருத்துவமனையில் எழுதியதை அடுத்த மருத்துவமனைக்கு நாடாவில் அனுப்பிக்கொண்டிருந்தனர். 1981-இல் துறையின் தலைமை மருத்துவ இயக்குநர் டொனால்ட் கஸ்டிஸ் வாஷிங்டன் மருத்துவமனைக்கு வந்து, அங்கு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அடிமைகளைத் தென் மாநிலங்களிலிருந்து ரகசியமாகத் தப்பவைத்த 19ஆம் நூற்றாண்டு வலைப்பின்னலுக்கு 'நிலத்தடி ரயில்பாதை' என்று பெயர். இங்கேயும் அப்படியொன்று நடக்கிறது போலிருக்கிறதே என்று அவர் வியந்தார். நிரலாளர்கள் அந்தப் பெயரையே ஏற்று உறுப்பினர் அட்டை அச்சிட்டுக்கொண்டனர். துறையின் துணை நிர்வாகியாக இருந்த சக் ஹேகலின் ஆதரவும் நாடாளுமன்ற உறுப்பினர் சன்னி மான்ட்கோமரியின் ஆதரவும் சேர்ந்தன. 1982 பிப்ரவரியில் நிர்வாகி ராபர்ட் நிம்மோ ஆணையில் கையெழுத்திட்டார். பரவலாக்கப்பட்ட மருத்துவமனைக் கணினித் திட்டம், துறையின் அதிகாரபூர்வத் திட்டமாகியது.

சில ஆண்டுகளில் அது எல்லாப் படைவீரர் மருத்துவமனைகளுக்கும் பரவியது. குறைகள் இல்லாமலில்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1987-இல், விரிவாக்கும் முன் மேலாண்மையைச் சீர்செய்ய வேண்டும் என்று கண்டித்தது. கண்டிக்கக் காரணமும் இருந்தது: எல்லோரும் தத்தம் தேவைக்கு மாற்றிக்கொண்டே போனால் இரண்டு மருத்துவமனைகளின் பதிவேடு ஒன்றுபோல் இருக்காது. இந்தக் கடன் பின்னால் வட்டியோடு திரும்பி வந்தது.

வெளியாரோடு நேருக்கு நேர் மோதிய ஒப்பீடு ராணுவத்தில் நடந்தது. பாதுகாப்புத் துறை தன் மருத்துவமனைகளுக்கு ஒரு கணினி அமைப்பு வாங்கப் போட்டி அறிவித்தது. எஸ்.ஏ.ஐ.சி. என்ற நிறுவனம், படைவீரர் துறையின் மென்பொருளை அடித்தளமாக எடுத்து, அதன்மேல் கட்டித் தருவதாக விண்ணப்பித்து, 1988-இல் வென்றது. ஒப்பந்த மதிப்பு 100 கோடி டாலருக்குச் சற்று மேல். பழங்குடியினருக்கான சுகாதாரச் சேவையும் அதே அடித்தளத்தை எடுத்துக்கொண்டது. பின்லாந்தின் மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. அரசு ஊழியர்கள் அரசுச் சம்பளத்தில் எழுதியது என்பதால் அதற்குக் காப்புரிமை இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் பெறலாம்.

1994-இல் கென்னத் கைசர் துறையின் மருத்துவப் பொறுப்புக்கு வந்தபோது, படைவீரர் மருத்துவமனைகளின் பெயர் கெட்டுக் கிடந்தது. மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைத்து, வெளிநோயாளர் சிகிச்சையைக் கூட்டி, தர அளவீடுகளை வகுத்து, நிர்வாகத்தை மண்டலங்களாகப் பிரித்தார். அமைப்பின் பெயர் விஸ்டா என்று மாறியது. 1996, 97 வாக்கில் அதன்மேல் ஒரு புதிய முகப்பு ஏறியது: மருத்துவர் ஒரே சாளரத்தில் நோயாளியின் பிரச்சினைப் பட்டியல், மருந்துகள், ஆய்வக முடிவுகள், குறிப்புகள் எல்லாவற்றையும் தாவல் தாவலாகப் பார்க்கலாம்; மருந்துக்கும் பரிசோதனைக்கும் அங்கிருந்தே உத்தரவிடலாம். 1968-இல் வீட் கேட்ட பிரச்சினைப் பட்டியல் அதில் முன்னிடம் பெற்றிருந்தது. 1999-க்குள் இது துறை முழுவதற்கும் கட்டாயமாயிற்று.

அதே ஆண்டுகளில் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற செவிலியர் கொண்டுவந்த யோசனை ஒன்று துறை முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. வாடகைக் கார் திருப்பித் தரப்படும்போது ஊழியர் கையடக்கக் கருவியால் பார்கோடு படிப்பதை அவர் பார்த்தார். காருக்குச் செய்யும் இதை நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்து உறையையும் படித்து, சரியான ஆளுக்குச் சரியான மருந்து, சரியான அளவில், சரியான நேரத்தில்தான் போகிறதா என்று விஸ்டா சரிபார்க்கும் முறை டொபீகாவில் உருவானது. 2000 வாக்கில் எல்லாப் படைவீரர் மருத்துவமனைகளுக்கும் சென்றது. வார்டில் நிற்கும் ஒருவரின் யோசனை, எந்த டெண்டரும் இல்லாமல், நாடு தழுவிய நடைமுறையாக மாறுவதற்கு விஸ்டாவின் கட்டமைப்பு இடம் தந்தது. வாங்கிய மென்பொருளில் இதைச் செய்ய வேண்டுமானால் விற்பனையாளரின் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

2003-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வொன்று, ஒப்பிடத்தக்க பதினொரு தர அளவுகளிலும் படைவீரர் துறையின் சிகிச்சை, முதியோருக்கான பொதுக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைத்த சிகிச்சையைவிட மேலாக இருந்ததைக் காட்டியது. இந்தப் பெருமையில் பாதி கைசரின் நிர்வாகச் சீர்திருத்தத்துக்கு உரியது. மென்பொருள் மட்டும் சாதித்ததாகச் சொன்னால் பிழை. விஸ்டாவுக்கே உரிய சான்று 2005-இல் கிடைத்தது. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் எண்ணற்ற காகிதக் கோப்புகள் வெள்ளத்தில் அழிந்தன. அந்நகரப் படைவீரர் மருத்துவமனையின் பதிவேடுகள் ஹூஸ்டனில் சில நாட்களுக்குள் மீட்டெடுக்கப்பட்டன. வேறு மாநிலங்களில் அடைக்கலம் புகுந்த நோயாளிகளின் மருந்துப் பட்டியலை அங்கிருந்த மருத்துவர்கள் பார்க்க முடிந்தது. 2006-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளி, அரசுத் துறைப் புத்தாக்கத்துக்கான விருதை விஸ்டாவுக்கு வழங்கியது.

விஸ்டாவோடு ஒப்பிடப்பட்ட வணிக மென்பொருள்களில் இரண்டு அதன் உடன்பிறப்புகளே. மம்ப்ஸை எழுதிய பப்பலார்டோ 1969-இல் மெடிடெக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜூடித் ஃபாக்னர் 1979-இல் விஸ்கான்சினின் மேடிசனில் தொடங்கிய எபிக் நிறுவனமும் மம்ப்ஸ் மேல்தான் எழுந்தது. அதே 1979-இல் கான்சஸ் சிட்டியில் நீல் பேட்டர்சனும் நண்பர்களும் தொடங்கிய செர்னர், ஆய்வக மென்பொருளில் ஆரம்பித்து, பிற்பாடு அட்டவணை வடிவத் தரவுத்தளத்தின்மேல் தன் முழு அமைப்பையும் கட்டியது. மம்ப்ஸ் பழைய மொழி, அதனால் விஸ்டாவை மாற்றியே தீர வேண்டும் என்ற வாதம் அடிக்கடி எழும்போது, அமெரிக்கச் சந்தையில் முதலிடம் பிடித்த எபிக்கின் அடியிலும் அதே மொழிதான் ஓடியது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

மற்றவர்களின் அனுபவமும் இந்த வரலாற்றோடு சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனை 3.4 கோடி டாலர் செலவில் உருவாக்கிய உத்தரவு அமைப்பை 2003 ஜனவரியில், தொடங்கிய சில மாதங்களிலேயே, மருத்துவர்களின் எதிர்ப்பால் நிறுத்தியது. கையால் சில நொடிகளில் எழுதிய உத்தரவுக்குக் கணினியில் பல நிமிடங்கள் ஆயின என்பதே அவர்களின் முதல் குற்றச்சாட்டு. கைசர் பெர்மனென்டே என்ற பெரும் மருத்துவக் குழுமம், ஏற்கெனவே பணம் போட்டு வளர்த்த வேறொரு அமைப்பைக் கைவிட்டு 2003-இல் எபிக்கைத் தேர்ந்தெடுத்து, 2010-க்குள் தன் மருத்துவமனைகள் அனைத்திலும் நிறுவியது. குழும மருத்துவர்கள் தேர்விலேயே பங்கேற்றார்கள். அதனால் செலவு மிகுந்தாலும் அது நிலைத்து நின்றது. இங்கிலாந்தின் தேசியத் திட்டம் நேரெதிர். 2002-இல் தொடங்கி, நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, மருத்துவர்களைக் கலந்து பேச நேரமே இல்லாத வேகத்தில் 2003, 2004 ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2011-இல் அரசு அதைக் கலைத்தது; திட்டத்தின் செலவு ஏறக்குறைய 1,000 கோடி பவுண்டு என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

அமெரிக்காவில் 2009-இல் வந்த ஹைடெக் சட்டம் சந்தையையே மாற்றியது. மின்னணுப் பதிவேட்டை 'அர்த்தமுள்ள வகையில்' பயன்படுத்தும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் 2,700 கோடி டாலருக்கும் மேல் ஊக்கத்தொகை தர அரசு முன்வந்தது. 2008-இல் பத்தில் ஒரு மருத்துவமனையில்கூட அடிப்படைப் பதிவேட்டு முறை இல்லை. 2015-இல் 96 விழுக்காடு மருத்துவமனைகளில் சான்றளிக்கப்பட்ட முறை ஒன்று இருந்தது. ஊக்கத்தொகைக்குக் காலக்கெடு இருந்ததால் நிதானமான ஒப்பீட்டுக்கு நேரம் இல்லை. சான்றிதழ் உண்டா, கட்டணப் பட்டியலோடு இணையுமா, பக்கத்து மருத்துவமனை எதை வாங்கியது என்ற கேள்விகளே முடிவைத் தீர்மானித்தன. ஒரு மருந்து உத்தரவுக்கு எத்தனை சொடுக்கு, இரவுப் பணிச் செவிலியர் ஒரு நோயாளியைப் பற்றி அறிய எத்தனை திரைகளைக் கடக்க வேண்டும் என்பதை அளந்து பார்த்தவர்கள் குறைவு. மருத்துவர்கள் இன்று திரை முன் செலவிடும் நேரத்தைப் பற்றிக் குமுறுவதற்கான விதை அந்த அவசரத்தில்தான் ஊன்றப்பட்டது.

இதே காலத்தில் விஸ்டா உள்ளிருந்தே தளர்ந்துகொண்டிருந்தது. 2006 வாக்கில் படைவீரர் துறையின் கணினிப் பணியாளர்கள் எல்லோரும் தலைமையகத்தின் கீழ் மீண்டும் கொண்டுவரப்பட்டனர். மருத்துவமனைக்குள் இருந்த நிரலாளர் மேசை அகன்றது. மாற்றம் வேண்டுமென்றால் மீண்டும் மனு, மீண்டும் காத்திருப்பு. மைய அலுவலகம் எடுத்த பெரிய பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் பகுதியைப் புதிதாக எழுத ஒன்பது ஆண்டுகளில் 12.7 கோடி டாலர் செலவழித்து, 2009-இல் ஒன்றும் கைக்கு வராமலே கைவிட்டனர். பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து ஒரே பதிவேட்டை உருவாக்க 2011-இல் தொடங்கிய கூட்டுத் திட்டம், ஏறக்குறைய 56.4 கோடி டாலர் செலவுக்குப்பின் 2013 பிப்ரவரியில் நின்றது. விஸ்டாவுக்குள் சுமார் 130 தனித்தனிப் படிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1980களில் தணிக்கை எச்சரித்த வேறுபாடுகள் அவற்றில் உறைந்திருந்தன. மம்ப்ஸ் அறிந்த தலைமுறையினர் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தனர். 2014-இல் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் நோயாளிகளின் காத்திருப்புப் பட்டியல் மறைக்கப்பட்ட விவகாரம் வெடித்தபோது, நேரம் ஒதுக்கும் அந்தப் பழைய பகுதியும் பழி சுமந்தது.

பாதுகாப்புத் துறை 2015 ஜூலையில் லீடாஸ், செர்னர் நிறுவனங்களின் கூட்டணிக்கு 430 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்தது. 2017 ஜூன் 5 அன்று படைவீரர் துறைச் செயலர் டேவிட் ஷுல்கின், தம் துறையும் அதே செர்னர் அமைப்பை ஏற்கும் என்று அறிவித்தார். போட்டி ஒப்பந்தப்புள்ளி கோரப்படவில்லை. ராணுவத்திலிருந்து விடுபடும் வீரரின் பதிவேடு இடையில் அறுபடாமல் படைவீரர் துறைக்கு வர வேண்டும் என்பதே அவர் சொன்ன முதல் காரணம். நியாயமான காரணம்தான், பல ஆண்டுகளாக நாடாளுமன்றம் கேட்டுவந்ததும் அதையே. ஆனால் அந்த ஒரே அளவுகோல் மற்ற எல்லா அளவுகோல்களையும் மூடிவிட்டது. படைவீரர் துறையின் மருத்துவமனைகளில் வழக்கமான பணிகள் எந்தத் திரைகளில் நடக்கின்றன, அவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று விஸ்டாவையும் செர்னரையும் அருகருகே வைத்துச் சோதித்த பின் எடுத்த முடிவு அல்ல அது. 2018 மே மாதம் பத்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. உள்கட்டமைப்பும் மேற்பார்வையும் சேர்த்து 1,600 கோடி என்று முதலில் கணக்கிட்டனர். சுயேச்சையான மதிப்பீடு ஒன்று 2022-இல், 28 ஆண்டுகளில் 4,980 கோடி டாலர் ஆகும் என்றது.

நேருக்கு நேர் ஒப்பிடக் கிடைத்த ஒரு வாய்ப்பும் நழுவியது. 2015-இல் நேரம் ஒதுக்கும் பகுதிக்கு மட்டும் எபிக் மென்பொருளை விஸ்டாவோடு இணைக்க ஓர் ஒப்பந்தம் போடப்பட்டு, ஒஹாயோவின் கொலம்பஸில் 2018-இல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கு நல்ல பலன் தெரிந்தபோதும், எல்லாம் செர்னராக இருக்கட்டும் என்று அதே ஆண்டின் இறுதியில் அது கைவிடப்பட்டது.

முதல் நிறுவல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர மருத்துவமனையில் 2020 அக்டோபர் 24 அன்று நடந்தது. ஊழியர்களின் வேலைவேகம் சரிந்தது. மருந்தகத்தில் தாமதங்கள் கூடின. துறையின் தலைமை ஆய்வாளர் 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை இவற்றில் மிகக் கொடியதை விளக்கியது. மருத்துவர் ஒரு பரிந்துரையையோ பரிசோதனையையோ உத்தரவிடும்போது, போய்ச் சேர வேண்டிய இடத்தை அமைப்பு அடையாளம் காணாவிட்டால், அந்த உத்தரவு யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் விழுந்தது. உத்தரவிட்ட மருத்துவருக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அப்படியொரு வரிசை இருப்பதே துறைக்குச் சொல்லப்படவில்லை. 2020 அக்டோபருக்கும் 2021 ஜூனுக்கும் இடையில் 11,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள் அங்கே முடங்கின. 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் துறையின் ஆய்வே கண்டறிந்தது. மென்பொருளை எழுதியவர் அடுத்த அறையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு வரிசை ஒரு வாரம்கூட மறைந்திருக்காது.

2022 ஜூனில் ஆரக்கிள் நிறுவனம் செர்னரை 2,830 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஸ்போகேனைத் தவிர வாலா வாலா, கொலம்பஸ், ரோஸ்பர்க், ஒயிட் சிட்டி ஆகிய நான்கு இடங்களில் புதிய அமைப்பு நிறுவப்பட்டிருந்தது. 2023 ஏப்ரலில் துறை மேற்கொண்டு நிறுவுவதை நிறுத்திவைத்தது. பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து நடத்தும் வட சிகாகோ மருத்துவமனை மட்டும் விதிவிலக்கு. அங்கே 2024 மார்ச்சில் அது இயங்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் கைவிட முடிவான விஸ்டாவை வெளிநாடுகளில் விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. காப்புரிமைக் கட்டணம் இல்லை என்பதும், மூலநிரல் கையில் கிடைக்கிறது என்பதும் முதல் ஈர்ப்பு. ஜோர்டான் 2009-இல் தொடங்கிய 'ஹக்கீம்' திட்டத்தில் தன் அரசு மருத்துவமனைகளுக்கு அதையே எடுத்துக்கொண்டது. டெல்லியின் மேக்ஸ் மருத்துவமனைக் குழுமமும் விஸ்டாவைத் தழுவியது. சிறிய மருத்துவமனைகளுக்கு விஸ்டா பெரிது. அவர்களில் பலர் ஓபன்எம்ஆர்எஸ் பக்கம் போனார்கள். கென்யாவின் எல்டோரெட்டிலும் பெருவிலும் எச்.ஐ.வி., காசநோய்ச் சிகிச்சை நடத்திய குழுக்கள் 2004-இல் சேர்ந்து உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. அதன்மேல் கட்டப்பட்ட 'பாம்னி' என்ற மருத்துவமனை முறை, சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனையில் வடிவம் பெற்றது. நிரலாளர்கள் புறநோயாளர் பிரிவின் வரிசையைப் பார்த்து எழுதியதால், கிராமத்து மருத்துவமனை ஒன்றின் வேலைப்போக்கு அதில் படிந்திருக்கிறது. 1978-இல் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த அதே வகை வேலை இது.

இந்திய அரசு மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரங்களை 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்தியது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், எல்லோரும் ஒரே மென்பொருளை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. நோயாளிக்கு ஒரு சுகாதார எண், பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொதுத் தரம். மருத்துவமனை எந்த மென்பொருளை வைத்திருந்தாலும் நோயாளியின் ஒப்புதலோடு பதிவேட்டைப் பகிரலாம். ராணுவத்திலிருந்து வரும் வீரரின் பதிவேடு அறுபடக் கூடாது என்பதற்காகப் படைவீரர் துறை ஒரே விற்பனையாளரிடம் போனது. பதிவேடுகளைப் பேசவைப்பதற்கு அது மட்டுமே வழியல்ல என்பதை இந்திய ஏற்பாடு காட்டுகிறது. இந்தியாவில் மருத்துவமனைக்கு மென்பொருள் தேர்வு செய்வோர் விலைப்பட்டியலுக்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. பொதுத் தரத்தில் தரவை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா? திரையை வார்டுச் செவிலியரும் மருந்தாளுநரும் தங்கள் கையால் ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்தார்களா? பிழை கண்டால் திருத்துபவர் யார், எத்தனை நாளில்?

படைவீரர் துறை தன் திட்டத்தைக் கைவிடவில்லை. மிச்சிகனின் ஆன் ஆர்பர், பேட்டில் கிரீக், டெட்ராய்ட், சாகினா ஆகிய நான்கு இடங்களில் 2026-இல் நிறுவலை மீண்டும் தொடங்கப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. அறிவிப்பு வந்த நாளில், ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறரை ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய அமைப்பு ஆறு மருத்துவமனைகளில் இயங்கியது, மற்ற அனைத்திலும் விஸ்டாவே இயங்கிக்கொண்டிருந்தது.